இருட்டறைக்குள் எட்டிப் பார்ப்போம், வாங்க!

சோடியம் விளக்கு எரியத் தொடங்கும்போது மஞ்சளாக இருக்காது, தெரியுமா? ரோஜா நிறம்! சுவிட்சைப் போட்டதும் குழாய்க்குள் இருக்கும் நியான் வாயுதான் முதலில் ஒளிவிடும். அந்தச் சூட்டில், உள்ளே திட்டுத் திட்டாக ஒட்டிக் கிடக்கும் சோடியம் உலோகம் உருகி மெல்ல ஆவியாகும். ரோஜா ஆரஞ்சாகும், ஆரஞ்சு பொன்னாகும், பத்து நிமிடம் போல ஆனதும் அறை முழுக்க ஒரே மஞ்சள். லேப் அண்ணன் தோளில் கிடந்த நீலத் துண்டு கறுத்துப் போனது. என் பச்சைப் பேனாவும் கறுப்பு. இந்த வெளிச்சத்தில் மஞ்சளைத் தவிர வேறு நிறமே கிடையாது, பிறகு எந்தப் பொருள்தான் நீலத்தையும் பச்சையையும் திருப்பி அனுப்ப முடியும்?

மாணவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. அவர்கள் வரும்போது விளக்கு நின்று எரிந்துகொண்டிருக்கும். அதனால்தான் நான் முன்கூட்டியே வந்து, மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தென் மாவட்டக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகம். இன்று பி.எஸ்ஸி. மாணவர்களுக்குப் பிராக்டிகல். ஒரு மேசையில் நியூட்டன் வளையங்கள், இன்னொன்றில் காற்று ஆப்பு, திரை போட்ட இருட்டறைக்குள் லேசரும் இரட்டைப் பிளவும். எல்லாம் ஒரே சங்கதிதான்: ஒளியின் குறுக்கீட்டு விளைவு. ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு வழியாக அனுப்பி, மறுபடி ஒன்றாகச் சேர்ப்பது. முகடும் முகடும் சேர்ந்தால் பளிச்சென்று வெளிச்சம். முகடும் அகடும் சேர்ந்தால் இருட்டு. ஆமாம், வெளிச்சத்தோடு வெளிச்சத்தைக் கூட்டி இருட்டை வரவழைக்கிற இடம் இது! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வித்தை.

முதலில் நியூட்டன் வளையங்கள். அண்ணன் பீரோவைத் திறந்து மரப்பெட்டி ஒன்றை எடுக்கிறார். உள்ளே வெல்வெட் துணியில் ஒரு லென்ஸ். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. ஆனால் அந்தக் குவிவை விரலால் கண்டுபிடிக்க முடியாது. அதன் வளைவு ஆரம் ஏறக்குறைய ஒரு மீட்டர், அதாவது இரண்டு மீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய கண்ணாடிக் கோளத்திலிருந்து சீவி எடுத்த மெல்லிய வில்லை மாதிரி. அதைக் கவிழ்த்து ஒரு தட்டைக் கண்ணாடி மேல் வைத்தால், நடுவில் மட்டும் தொடும். தொடும் இடத்திலிருந்து வெளியே போகப் போக, இடையில் இருக்கும் காற்றின் தடிமன் துளித்துளியாகக் கூடும். அந்தக் காற்றுப் படலம்தான் இன்றைய கதாநாயகன். லென்ஸ் வெறும் துணை நடிகர்.

"தூசிதான் சார் நமக்கு எதிரி" என்கிறார் அண்ணன். லென்ஸில் வாயால் ஊதி ஆவி படியவிட்டு, மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கிறார். வட்டமாகத் தேய்க்கக் கூடாதாம், கீறல் விழும். ஒரு சின்னத் தூசி உட்கார்ந்தாலும் லென்ஸும் தட்டும் ஒன்றையொன்று தொடாது, கறுப்பாக இருக்க வேண்டிய நடுப்புள்ளி வெளுத்துப் போகும். "எக்ஸ்டர்னல் வர்ற அன்னிக்கு நான் மூணு வாட்டி துடைப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குக் கீழே ஒரு கறுப்புத் தாளைச் செருகுகிறார். பிறகு லென்ஸுக்கு மேலே, 45 டிகிரி சாய்வில் இன்னொரு கண்ணாடித் தகடு. விளக்கிலிருந்து பக்கவாட்டில் வரும் ஒளியைக் கீழே திருப்பி விடுவது இதன் வேலை. கீழே போய்த் திரும்பி வரும் ஒளி இதே தகட்டை ஊடுருவி மேலே நுண்ணோக்கிக்குள் போகும்.

இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன். பாடப்புத்தகம் எதிலும் நான் இதைப் பார்த்ததில்லை. நுண்ணோக்கியை வைப்பதற்கு முன்னால் வெறும் கண்ணால் பார்க்க வேண்டும்! அண்ணன் என்னைக் கூப்பிட்டு, சாய்ந்த தகட்டுக்கு நேர் மேலே தலையைக் கொண்டுவரச் சொன்னார். குனிந்தேன். மஞ்சள் குளத்தின் நடுவில் ஒரு மிளகளவு வட்டம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அதற்குள் இழை இழையாக வளையங்கள்! ஏழு மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருபது வளையங்கள் அடங்கிவிடும். இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அதற்கு நேராக நுண்ணோக்கியைக் கொண்டுவந்தால் ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் மாணவர்கள் ஐபீஸில் கண்ணை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வெறும் மஞ்சள் வெளியில் அலைவார்கள்.

அடுத்தது ஃபோகஸ். லென்ஸை ஒட்டினாற்போல நுண்ணோக்கியைக் கீழே இறக்கிவிட்டு, பிறகு மேலே ஏற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். மேலிருந்து இறக்கிக்கொண்டே பார்த்தால் ஒரு கவனப்பிசகில் கண்ணாடி நொறுங்கும். நான் திருகைத் திருப்பினேன். மங்கல், மங்கல், இன்னும் மங்கல்... சட்டென்று வந்து நின்றன! நடுவே கன்னங்கரேலென்று ஒரு பொட்டு. அதைச் சுற்றி மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி, ஒன்றுக்குள் ஒன்றாக, வெளியே போகப் போக நெருங்கி நெருங்கி. அடேயப்பா! வரைந்து வைத்ததுபோல என்று சொல்ல வாய் வரவில்லை, எந்தக் கையாலும் இவ்வளவு கச்சிதமாக வரைய முடியாது.

இந்த வளையங்களைச் சும்மா அழகு பார்த்துவிட்டுப் போகக் கூடாது. ஒரு கறுப்பு வளையத்திலிருந்து அடுத்த கறுப்பு வளையத்துக்குப் போனால், கீழே காற்றுப் படலத்தின் தடிமன் சரியாக அரை அலைநீளம் கூடியிருக்கிறது என்று பொருள். சோடியம் ஒளியின் அலைநீளம் 589.3 நானோமீட்டர். அதில் பாதி, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் மூன்று பங்குக்குச் சற்றே குறைவு. அந்தக் கடுகினும் கடுகான வித்தியாசத்தை ஒரு கல்லூரி மாணவி ஸ்டூலில் உட்கார்ந்தபடி வெறுமனே எண்ணுகிறாள்! இருபதாவது வளையத்தின் அடியில்கூட இடைவெளி 0.006 மில்லிமீட்டர்தான்.

நியூட்டன் பெயர் இருந்தாலும் மெல்லிய படலங்களின் நிறங்களை அவருக்கு முன்பே ராபர்ட் ஹூக் 1665-இல் எழுதிவிட்டார். நியூட்டன் செய்தது, வளையங்களை அளந்தது. அவ்வளவு நுட்பமாக அளந்து 1704-இல் ஒளியியல் நூலில் வெளியிட்டார். ஆனால் ஒளி துகள்களால் ஆனது என்று நம்பிய மனிதர், அதனால் வளையங்களுக்கு அவர் சொன்ன காரணம் நிற்கவில்லை. அளவுகள் நின்றன. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1801-இல் லண்டனில் தாமஸ் யங் என்ற மருத்துவர் அதே அளவுகளை எடுத்து, ஒளி அலைதான் என்று வைத்துக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு நிறத்தின் அலைநீளத்தையும் சொன்னார். நியூட்டனின் அளவுகளை வைத்தே நியூட்டனுக்கு மறுப்பு! இயற்பியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

அந்த நடுப்பொட்டு ஏன் கறுப்பு? வைவாவில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. லென்ஸும் தட்டும் தொடும் இடத்தில் இரண்டு ஒளிக்கும் பாதை வித்தியாசமே இல்லை, அப்படியானால் வெளிச்சம்தானே இருக்க வேண்டும்? இருக்காது. காற்றிலிருந்து வந்து கண்ணாடியில் மோதித் திரும்பும் அலை தலைகீழாகிவிடும். கண்ணாடிக்குள்ளிருந்து காற்றின் எல்லையில் திரும்பும் அலை அப்படியே வரும். ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. யங் இதைச் சோதித்த விதம் இருக்கிறதே, அபாரம். இரண்டு வேறு வகைக் கண்ணாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் ஒளிவிலகல் எண்களுக்கு இடைப்பட்ட எண் கொண்ட சாசஃப்ராஸ் எண்ணெயை நடுவில் விட்டார். இப்போது இரண்டு அலைகளுமே தலைகீழாகும், ஆகவே நடுப்பொட்டு வெளுக்க வேண்டும். வெளுத்தது!

இங்கே எண்ணெய்க்குப் பதிலாக, பிராக்டிகல் நடத்தும் மேடம் தண்ணீரை வைத்துக் காட்டினார். ஒன்பதரை மணி, மாணவர்கள் வந்துவிட்டார்கள். நுண்ணோக்கியில் ஒரு பையன் கண்ணை வைத்திருக்கிறான். "அசையாம பாரு" என்று சொல்லிவிட்டு, லென்ஸின் விளிம்பில் பில்லரால் ஒரே ஒரு சொட்டு. கண்ணாடிகளுக்கு நடுவில் தண்ணீர் தானாக உறிஞ்சப்பட்டு உள்ளே ஓடுகிறது. "மேடம்! சுருங்குது மேடம்! வளையமெல்லாம் உள்ள ஓடுது!" தண்ணீருக்குள் ஒளியின் அலைநீளம் குறைந்துவிடும், அதனால் வளையங்களும் குறுகும். பத்தாவது வளையத்தின் விட்டம் 4.9 மில்லிமீட்டரிலிருந்து 4.2-க்கு வந்துவிடும். பையன் இடத்தைவிட்டு எழவே இல்லை, பின்னால் நின்றவர்கள் தோளைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. சிலபஸில் இது 'திரவத்தின் ஒளிவிலகல் எண் காணல்' என்ற தலைப்பில் காய்ந்து கிடக்கிறது. எந்தத் தலைப்பில் இருந்தால் என்ன, நடக்கிறபோது பார்க்க வேண்டும்!

பிறகு ரீடிங். நுண்ணோக்கியின் குறுக்குக் கம்பியை இடப்பக்கம் இருபதாவது வளையத்தில் வைத்து, அங்கிருந்து ஒவ்வொன்றாக நடுப்பொட்டைத் தாண்டி வலப்பக்கம் இருபதுவரை. திருகை ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும். ஒரு வளையம் தப்பிவிட்டது என்று பின்னால் திருப்பினால் திருகின் மரைகளுக்கு நடுவில் இருக்கும் தளர்ச்சி அளவைக் கெடுத்துவிடும், முதலிலிருந்து வர வேண்டியதுதான். வெர்னியரில் லீஸ்ட் கவுண்ட் 0.001 சென்டிமீட்டர். வெளிவளையங்களுக்கு நடுவே இருக்கும் தூரமோ 0.09 மில்லிமீட்டர். ஒரு தும்மல் வந்தால் போச்சு. இவ்வளவு பாடுபட்டு எடுத்த விட்டங்களை வர்க்கப்படுத்திக் கழித்தால், அலைநீளம் கையில் வந்து விழுகிறது. ஒரு பெண்ணுக்கு 591 வந்தது. அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

அடுத்த மேசையில் ஒரே சிரிப்பு. காற்று ஆப்பு சோதனைக்கு முடி வேண்டும். இரண்டு தட்டைக் கண்ணாடிகளை ஒரு முனையில் ரப்பர் பேண்டால் கட்டி, மறுமுனையில் நடுவே ஒரு முடியைச் செருகினால் காற்று ஆப்பு தயார். "என் முடிதான் ஸ்ட்ராங்", "உன்னோடது எண்ணெய் மேடம், துடைக்கணும்" என்று ஏலம் போகிறது. அண்ணனிடம் போய், "அண்ணே, ஒரு வெள்ளை முடி குடுங்கண்ணே" என்று கேட்டாள் ஒருத்தி. அவரும் யோசிக்காமல் பிடுங்கிக் கொடுத்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் வளையங்களுக்குப் பதிலாக நேர்கோடுகள், நோட்டில் கோடு போட்டதுபோல வரிசையாக. 0.06 மில்லிமீட்டர் முடி என்றால் நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் இருநூறு கோடுகளுக்கு மேல் வரும். கோடுகளின் இடைவெளியை அளந்து, நீளத்தை அளந்து, முடியின் தடிமனைச் சொல்லிவிடலாம். ஸ்கேலால் அளக்க முடியாததை ஒளியால் அளப்பது! அந்த வெள்ளை முடி கறுப்பு முடியைவிடத் தடிமனாக இருந்தது என்று அவள் அறிவித்தபோது அண்ணனுக்கு ஒரே பெருமை.

இந்த இடத்தில் ராமனை நினைக்காமல் இருக்க முடியாது. சர் சி. வி. ராமன் நோபல் பரிசுக்கு வெகுகாலம் முன்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது, இதுபோன்ற கல்லூரி ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டரும் பிரிசமும் வைத்துக்கொண்டு வழக்கமான சோதனை செய்துகொண்டிருந்தார். பிரிசத்தின் முகத்தில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியில் பட்டைகள் தெரிந்தன. இருபுறமும் அவை சமமாக இல்லை. எல்லோரும் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர் ஏன் என்று கேட்டார். 1906-இல் அந்தக் கட்டுரை லண்டனின் பிலசாபிகல் மேகசின் இதழில் அச்சானது. அவருக்கு அப்போது பதினெட்டு வயது! அது விளிம்பு விளைவைப் பற்றியது, குறுக்கீட்டுக்குச் சகோதரி முறை.

சரி, இருட்டறைக்கு வருவோம். கறுப்புத் திரையை விலக்கி உள்ளே போனால் நீட்டிய கையே தெரியவில்லை. இங்கே பிளவு செய்வதே ஒரு கைவேலை. கண்ணாடி ஸ்லைடை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி படியவிட்டு, இரண்டு சவர பிளேடுகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. கரியில் இரண்டு மெல்லிய கீறல்கள். பிளேடின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர், ஆகவே கீறல்களின் இடைவெளியும் அவ்வளவே. கடையில் வாங்கிய பிளவும் இருக்கிறது, ஆனாலும் மேடம் இதைத்தான் காட்டுவார். கையால் செய்ததில் வித்தை நடந்தால் யாரும் மறக்க மாட்டார்களாம். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. லேசரை நேராகக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று எல்லோரையும் சொல்ல வைத்துவிட்டு, சிவப்புக் கதிரை ஸ்லைடில் விட்டார். மூன்று மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவரில் ஒரு சிவப்புப் பட்டை, அதை வெட்டி வெட்டிக் கறுப்புக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்! ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அலைநீளம், சுவரில் ஸ்கேல் வைத்து அளக்கும் அளவுக்கு விரிந்து நிற்கிறது.

"இப்ப ஒரு பிளவை மூடப் போறேன். அந்தக் கறுப்புக் கோடு இருக்கிற இடம் என்ன ஆகும்?" என்று மேடம் கேட்டார்.

"இன்னும் கறுப்பாகும் மேடம்." எல்லோரும் ஒரே குரலில்.

பிளேடின் ஓரத்தை மெதுவாக நகர்த்தி ஒரு பிளவை மறைத்தார். கோடுகள் மறைந்தன. கறுப்பாக இருந்த இடத்தில் வெளிச்சம் வந்துவிட்டது! அறையில் "ஏய்ய்ய்" என்று ஒரு சத்தம். பிளேடை எடுத்தால், அதாவது இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைச் சேர்த்தால், அதே இடம் மறுபடி இருட்டு. மூடு, திற, மூடு, திற என்று கத்தித் தீர்த்தார்கள். கறுப்புக் கோட்டில் காணாமல் போன ஒளி எங்கும் தொலையவில்லை, பக்கத்து வெளிச்சப் பட்டையில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

யங் 1803-இல் ராயல் சொசைட்டியில் காட்டியது இதே வித்தைதான். லேசர் இல்லை, பிளவும் இல்லை. ஜன்னல் மறைப்பில் ஓட்டை போட்டு, ஊசியால் குத்திய தாளால் அதை மூடி, கண்ணாடியால் திருப்பிய வெயிலை உள்ளே விட்டு, அந்தக் கதிரின் நடுவில் 0.85 மில்லிமீட்டர் அகல அட்டைத் துண்டைக் குறுக்கே பிடித்தார். அட்டையின் நிழலுக்குள் கோடுகள் தெரிந்தன. ஒரு பக்க ஒளியை மறைத்ததும் கோடுகள் போய்விட்டன. எந்த வீட்டிலும் கிடைக்கிற பொருள்கள்!

ஆய்வகத்தின் கடைசி மூலையில், கனமான இரும்புத் தளத்தில், மைக்கேல்சன் குறுக்கீட்டுமானி. இது முதுகலை மாணவர்களுக்கானது, ஆனாலும் எட்டிப் பார்க்க விட்டார்கள். ஒரு கதிரின் பாதைக்குக் கீழே என் உள்ளங்கையைக் கொண்டுபோனேன், தொடவில்லை. கைச்சூட்டில் எழும் காற்றிலேயே திரையின் வளையங்கள் நெளிந்தன! யாரோ கதவைச் சாத்தினார்கள், மொத்தமும் நடுங்கியது. மைக்கேல்சன் 1881-இல் பெர்லின் நகரத்து அதிர்வு தாங்காமல் கருவியைப் போட்ஸ்டாமுக்குத் தூக்கிப் போனார். அங்கேயும் நூறு மீட்டர் தள்ளி நடைபாதையில் யாராவது காலால் ஓங்கி மிதித்தால் பட்டைகள் மறைந்தனவாம். இதே கருவியின் கைகளை நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு நீட்டிய லைகோ என்ற ஆய்வகத்தில்தான், 2015 செப்டம்பர் 14 அன்று, முதன்முதலாக ஈர்ப்பலை பிடிபட்டது. கைகளின் நீளம் அப்போது மாறிய அளவு, புரோட்டானின் விட்டத்தைவிடப் பல நூறு மடங்கு சிறியது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் நம் நாட்டு லைகோவும் அமையவிருக்கிறது. இந்த மாணவர்களில் யாராவது அங்கே வேலைக்குப் போனால், அவர்களுக்கு அந்தக் கருவி புதிதாக இருக்காது.

கல்லூரி இயற்பியல் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுவதோடு இந்த இருட்டறையைப் பூட்டிவிடாதீர்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். அன்று பேச்சுப் போட்டியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் உங்கள் மாணவர்களின் அப்பா அம்மாவையும் கூப்பிடுங்கள். ஒரு லேசர், கரி பூசிய ஒரு ஸ்லைடு, இரண்டு பிளேடு, வெள்ளைச் சுவர் போதும். காட்டுகிற வேலையை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள்.